எஃகுச் சட்டகமும் எடையின் கணக்கும்

நியூயார்க் நகரில் 1931-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற எம்பயர் ஸ்டேட் கட்டடம் 102 மாடிகளைக் கொண்டது. சிக்காகோ நகரில் 1969-ஆம் ஆண்டில் எழுந்து நின்ற ஜான் ஹான்காக் கட்டடம் 100 மாடிகளைக் கொண்டது. உயரத்தில் ஏறக்குறைய ஓரினத்தைச் சேர்ந்த இவ்விரு கட்டடங்களின் சட்டகங்களில் அடங்கிய எஃகின் எடையை அவற்றின் தளப் பரப்பால் வகுத்துப் பார்த்தால், முன்னதில் சதுர மீட்டர் ஒன்றுக்குச் சுமார் 206 கிலோகிராமும், பின்னதில் சுமார் 145 கிலோகிராமும் செலவாகியிருப்பது தெரியவருகிறது. நாற்பது ஆண்டுக்கும் குறைவான காலத்துக்குள் பத்தில் மூன்று பங்கு எஃகு மிச்சப்பட்டுவிட்டது. இந்த மிச்சம் எங்கிருந்து வந்தது என்று வினவுவோர்க்கு, உலோகம் முன்னிலும் வலுப்பெற்றுவிட்டது என்று விடையிறுத்துவிட்டு அப்பால் செல்வது எளிது; ஆனால் அந்த விடை பெரும்பகுதி பிழையானது.

எஃகின் வலிமை ஒன்று, அதன் விறைப்பு மற்றொன்று. எவ்வளவு பாரம் ஏற்றினால் உலோகம் மீளாதபடி உருமாறிவிடும் என்பது வலிமையைப் பற்றிய வினா. ஒரு குறிப்பிட்ட பாரத்துக்கு அது எவ்வளவு வளைந்து கொடுக்கும் என்பது விறைப்பைப் பற்றிய வினா. உலைக்களத்தில் சேர்மானங்களை மாற்றி முதலாவதை இரு மடங்காக உயர்த்திவிடலாம். இரண்டாவதற்கு அளவாகப் பௌதிக நூல்கள் கூறும் யங் குணகமோ, சாதாரண எஃகாயினும் உயர்தர எஃகாயினும், சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 2 லட்சம் நியூட்டன் என்ற அளவிலேயே அசையாது நிற்கிறது. நாலைந்து மாடிக் கட்டடத்தில் இந்த வேற்றுமை அத்தனை முக்கியமன்று. அங்கே தூணின் கனத்தை நிர்ணயிப்பது மேலிருந்து இறங்கும் பாரம். உயரம் ஏற ஏற, பக்கவாட்டிலிருந்து வரும் காற்றே எஜமானனாகிவிடுகிறது. காற்றின் முன் கட்டடம் முறிந்துவிடுமோ என்பதைவிட, அளவுக்கு மீறி அசைந்து சுவர்களில் கீறலையும் மனிதர்களுக்குத் தலைச்சுற்றலையும் உண்டாக்கிவிடுமோ என்பதே கவலையாகிறது.

தரையில் ஊன்றிய ஒரு கம்பத்தின்மீது நெடுகிலும் ஒரே சீரான காற்று மோதுமாயின், அதன் நுனி விலகும் தூரம் உயரத்தின் நான்காம் படியை ஒட்டிப் பெருகும். அதாவது, குறுக்களவை மாற்றாமல் உயரத்தை மட்டும் இரட்டித்தால் விலகல் பதினாறு மடங்காகும். பொறியாளர் வழக்கத்தில் உச்சியின் விலகல் மொத்த உயரத்தில் ஐந்நூற்றில் ஒரு பங்குக்குள் அடங்கவேண்டும் என்பது பொதுவாக அனுசரிக்கப்படும் பிரமாணம். 300 மீட்டர்க் கட்டடத்துக்கு இது 60 சென்டிமீட்டர். இங்கே எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் பொருட்டு ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அதன் எஃகைச் சூழ்ந்து நிற்கும் செங்கல்லும் கல்லும், கணக்கில் சேர்க்கப்படாமலே, சட்டகத்தின் விறைப்பைப் பன்மடங்கு உயர்த்தி வந்தன. ஹான்காக் கட்டடத்துக்கோ கண்ணாடியும் உலோகத் தகடுமான மெல்லிய போர்வைதான் உண்டு. ஆகையால் மேலே கண்ட இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள உண்மையான தூரம், அவ்வெண்கள் காட்டுவதைவிட அதிகம்.

இந்த மாறுதலுக்கு முதன்மையான காரணமானவர் ஃபஸ்லூர் கான். 1929-இல் டாக்காவில் பிறந்து, கல்கத்தாவை அடுத்த சிப்பூரிலும் பின்னர் டாக்காவிலும் பொறியியல் பயின்று, 1952-இல் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்துக்கு மேற்படிப்புக்காகச் சென்ற அவர், 1955-இல் சிக்காகோவின் ஸ்கிட்மோர், ஓவிங்ஸ், மெரில் நிறுவனத்தில் சேர்ந்தார். உயர்ந்த கட்டடங்களின் எஃகுக் கணக்கை அவர் மூன்றாகப் பிரித்துப் பார்த்தார். தளங்களைத் தாங்கும் உத்திரங்களுக்கான எஃகு, எத்தனை மாடியாயினும் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஒரே அளவு. பாரத்தைச் சுமக்கும் தூண்களுக்கான எஃகு மாடிகளின் எண்ணிக்கையை ஒட்டி நேர்க்கோட்டில் ஏறுகிறது. காற்றை எதிர்ப்பதற்கான எஃகோ வளைகோடாக, வேகம் மிகுந்து ஏறுகிறது. முதல் இரண்டும் தவிர்க்கமுடியாதவை. மூன்றாவதுதான் உயரத்துக்காகச் செலுத்தும் தண்டம். அந்தத் தண்டத்தை ஏறக்குறைய முழுவதும் விலக்கிவிடலாமா என்ற பிரச்சினையையே கான் தம் வாழ்நாள் வேலையாக வரித்துக்கொண்டார் என்று சொன்னால் மிகையாகாது.

அவருக்கு முன்னிருந்தோர், தூணும் உத்திரமும் விறைப்பாக இணைந்த கட்டங்களைக் கட்டடம் முழுவதும் பரப்பி, காற்றின் தாக்குதலை ஒவ்வொரு கட்டமும் வளைந்து எதிர்க்கும்படி விட்டிருந்தார்கள். வளைந்து எதிர்ப்பது என்பது எஃகை வீணாக்கும் முறை. ஏனெனில் வளையும் உத்திரத்தில் மேல் விளிம்பும் கீழ் விளிம்புமே முழுமூச்சாக உழைக்க, நடுப்பகுதி பெரும்பாலும் சும்மா கிடக்கிறது. நேராக இழுக்கப்படுவதோ அழுத்தப்படுவதோ ஆன உறுப்பில் அந்தப் பேதமில்லை. மேலும், எஃகு கட்டடத்தின் நடுவே குவிந்திருப்பதைவிட வெளிச்சுற்றில் நிற்குமாயின், அதே எடைக்குப் பல மடங்கு விறைப்புக் கிடைக்கும். உள்ளே வெறுமையாயிருந்தும் மூங்கில் புயலில் நிமிர்ந்து நிற்பதன் ரகசியம் இதுதான். கட்டடத்தின் வெளிச்சுற்றையே ஒரு குழாயாக்கிவிடவேண்டும் என்ற கானின் யோசனை இவ்விரண்டு விதிகளிலிருந்தும் பிறந்தது.

ஆயினும் சன்னல்கள் வேண்டும். சன்னல் வைத்த குழாய் முழுமையான குழாயாகாது. நெருக்கமாகத் தூண்களை நிறுத்தி அவற்றை ஆழமான உத்திரங்களால் பிணைக்கும் சட்டகக் குழாயில், காற்றின் பாரம் மூலைத் தூண்களிலேயே மிகுதியாகக் குவிந்து, பக்கத்தின் நடுவிலுள்ள தூண்கள் தம் பங்கைச் செலுத்தாமல் பின்தங்கிவிடுகின்றன. நியூயார்க்கின் உலக வர்த்தக மையக் கோபுரங்களில் வெளித்தூண்கள் சுமார் ஒரு மீட்டர் இடைவெளியில், பக்கம் ஒன்றுக்கு 59 வீதம் நிறுத்தப்பட்டது இந்தக் குறையை எதிர்கொள்ளத்தான். ஹான்காக் கட்டடத்தில் கானும் கட்டடக் கலைஞரான புரூஸ் கிரகாமும் வேறு வழியை நாடினர். தூண்களை விலக்கி வைத்து, நான்கு பக்கங்களிலும் பதினெட்டு மாடிகளுக்கு ஒன்றாகப் பிரம்மாண்டமான பெருக்கற்குறிகளைப் போல மூலைவிட்ட உறுப்புக்களை அமைத்து, அவற்றைத் தூண்களோடு சந்திக்குமிடமெல்லாம் பிணைத்துவிட்டார்கள். அந்த மூலைவிட்டங்கள் காற்றை நேர் இழுப்பாகவும் நேர் அழுத்தமாகவும் ஏற்றுக் கீழே கடத்துவதோடு அமையாமல், சாய்ந்த தூண்களாக நின்று மேற்பாரத்திலும் பங்குபெற்று, பாரம் மிக்க தூணிலிருந்து பாரம் குறைந்த தூணுக்கு அதனைப் பகிர்ந்தளித்து எல்லாத் தூண்களையும் ஏறக்குறைய சமமாக உழைக்கச் செய்கின்றன. கீழ் மாடிகளில் அலுவலகமும் மேல் மாடிகளில் குடியிருப்புமாக ஏற்பாடு செய்யப்பட்டிருந்ததால், அகலமான தளம் கீழேயும் குறுகிய தளம் மேலேயும் தேவைப்பட்டது. அதனால் கட்டடம் மேலே போகப் போகக் குறுகி, காற்றுக்குக் காட்டும் முகத்தையும் சுருக்கிக்கொண்டது. பயனும் பலமும் ஒரே கோட்டில் வந்து பொருந்திய இத்தகைய அமைப்பு அபூர்வம்.

மனிதர் எவ்வளவு அசைவைப் பொறுப்பர் என்பதற்குச் சூத்திரம் ஏதும் அப்போது இருக்கவில்லை. துணி துவைக்கும் இயந்திரத்தின் சுழற்சியை விளக்குவதற்காகச் சிக்காகோவின் அறிவியல், தொழில் அருங்காட்சியகத்தில் வைத்திருந்த ஓர் அசையும் மேடையைப் பயன்படுத்தி, ஆட்களை அதில் நிற்கவும் இருக்கவும் செய்து, எந்த அளவில் அவர்கள் அசைவை உணர்கிறார்கள் என்று கான் சோதித்தறிந்தார். சிக்கனக் கணக்கின் எல்லையை விதிப்பது எஃகன்று, மனிதனின் உட்செவி என்பதை இதைவிட இலேசாக விளக்க முடியாது.

1974-இல் நிறைவெய்திய சியர்ஸ் கோபுரத்தில் இந்தச் சிந்தனை மேலும் ஒரு படி சென்றது. பக்கத்துக்குச் சுமார் 23 மீட்டர் கொண்ட ஒன்பது சதுரக் குழாய்கள் மூன்றுக்கு மூன்றாக அணைந்து எழும்பி, இரண்டு ஐம்பதாம் மாடியிலும், இரண்டு அறுபத்தாறாம் மாடியிலும், மூன்று தொண்ணூறாம் மாடியிலும் நின்றுவிட, எஞ்சிய இரண்டு மட்டும் 110-ஆம் மாடிவரை போகின்றன. குழாய்களுக்குப் பொதுவாக உள்ளே ஓடும் தூண் வரிசைகள், வெளிப்பக்கத்தின் நடுத்தூண்கள் பின்தங்கிவிடாதபடி அவற்றையும் உழைப்புக்கு இழுத்து வருகின்றன. 442 மீட்டர் உயரமுள்ள இக்கோபுரத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 161 கிலோகிராம் எஃகே போதியதாயிற்று.

இவையெல்லாம் ஓர் உருவத்தைத் தேர்ந்தெடுத்ததன் பலன்கள். உருவத்தை நிச்சயித்த பின்னர் உறுப்புக்களை ஒவ்வொன்றாகச் செதுக்கி எடை குறைப்பது வேறொரு காரியம். பெரும்பாலான ஆராய்ச்சிக் கட்டுரைகள் இந்த இரண்டாவது காரியத்தைப் பற்றியவையே. அதற்கும் ஒரு நீண்ட சரித்திரம் உண்டு. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரப் பொறியாளர் ஏ. ஜி. எம். மிச்செல் என்பவர் 1904-இல் வெளியிட்ட ஒரு சிறு கட்டுரையில், குறிப்பிட்ட பாரங்களைத் தாங்குவதற்கு எவ்வளவு பொருள் தேவையோ அதற்குக் கீழ் எந்தச் சட்டகத்தாலும் போகமுடியாது என்ற எல்லையைக் கண்டு காட்டினார். அந்த எல்லையைத் தொடும் சட்டகம், ஒன்றையொன்று செங்கோணத்தில் வெட்டும் எண்ணற்ற மெல்லிய உறுப்புக்களாலானது, அதைக் கட்டமுடியாது. கட்டமுடியாத ஒன்றைப் பற்றிய அந்தக் கட்டுரையை உலகம் அரை நூற்றாண்டுக் காலம் திரும்பிப் பாராதிருந்து, விமானங்களின் எடையைக் குறைக்கும் அவசியம் வந்தபோதே தேடி எடுத்தது. எட்டமுடியாத எல்லையாயினும், எட்டியதற்கும் அதற்கும் உள்ள தூரத்தை அளக்க அது உதவுகிறது என்பதே அதன் மதிப்பு.

கட்டடங்களின் விஷயத்தில் கணிதத்துக்கு வாயில் திறந்தவர், என் அபிப்பிராயத்தில், பிரிட்டிஷ் அறிஞர் ஜான் பேக்கர். எஃகுக் கட்டடங்களின் வடிவமைப்பை ஆராய 1929-இல் அந்நாட்டில் அமைக்கப்பட்ட குழுவில் பணியாற்றிய அவர், கட்டி எழுந்துகொண்டிருந்த உண்மையான சட்டகங்களில் கருவிகளைப் பொருத்தி அளந்தபோது, ஏட்டில் கணக்கிட்ட தகைவுகளுக்கும் இரும்பில் இருந்த தகைவுகளுக்கும் அதிக சம்பந்தமில்லை என்று கண்டார். அஸ்திவாரம் சிறிது தாழ்வதும், இணைப்பு நூலிழை அளவு பொருந்தாமற் போவதும், உருட்டாலையில் குளிரும்போதே உறுப்பினுள் தங்கிவிடும் தகைவுகளும் சேர்ந்து ஏட்டுக் கணக்கைக் கலைத்துவிடுகின்றன. ஆனால் வியப்புக்குரிய மற்றோர் உண்மை என்னவெனில், சட்டகம் முடிவாகச் சரியும் பாரத்தை இவை எதுவும் பாதிப்பதில்லை. எஃகு நீளும் இயல்புடையது. ஓரிடத்தில் அதன் எல்லை கடந்தால் முறியாமல் வளைந்து கொடுத்து, தன் பாரத்தை அயலாரிடம் ஒப்படைத்துவிடுகிறது. யுத்தகாலத்தில் வீட்டினுள் மேசையாகவும் இரவில் படுக்கையாகவும் பயன்பட்ட மாரிசன் புகலிடம் இந்த அறிவின் விளைவே. வீடு இடிந்து மேலே விழுந்தாலும் வளைந்து நசுங்கியே விசையை உறிஞ்சிக்கொண்டு, உள்ளிருப்போரைக் காக்கும்படி பேக்கர் அதை அமைத்தார்.

சட்டகம் எந்தப் பாரத்தில் சரியும் என்ற கணக்கு, ஏட்டில் தகைவுகளைக் காணும் மீட்சிக் கணக்கைவிட எளியது. பாரங்களோடு சமநிலையில் நிற்கக்கூடிய ஏதேனுமொரு பங்கீட்டைப் பொறியாளர் தாமே வரைந்து, எந்த உறுப்பும் தன் எல்லையைக் கடக்காதபடி பார்த்துக்கொண்டால், சட்டகம் நெளிந்து சாயாதவரையில் அது பத்திரமானது என்பதே இந்தச் சித்தாந்தத்தின் சாரம். இதன்படி எடையைக் குறைக்கும் பிரச்சினை, நேரிய சமன்பாடுகளும் அசமன்களும் அடங்கிய ஒரு கணக்காக உருவெடுக்கிறது. அத்தகைய கணக்குகளைத் தீர்க்கும் முறையை ஜார்ஜ் டான்ட்சிக் 1947-இல் கண்டுபிடித்திருந்தது நல்ல சகுனம். 1950-களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஹேமன், ஃபுல்க்ஸ் ஆகியோர் மிகக் குறைந்த எடையுள்ள சட்டகத்துக்கான நிபந்தனைகளை அழகாக வகுத்தளித்தனர்.

அழகு அங்கேயே நிற்கிறது. அந்தக் கணிதம் விரும்பிய கனத்திலெல்லாம் உத்திரம் கிடைக்கும் என்று எண்ணிக்கொள்கிறது. உருட்டாலையோ சில அளவுகளை மட்டுமே தருகிறது. இந்திய நியமப்படி 500 மில்லிமீட்டர் ஆழமுள்ள நடுத்தர உத்திரம் மீட்டருக்கு 86.9 கிலோகிராம், அடுத்தது 550 மில்லிமீட்டர், 103.7 கிலோகிராம். கணக்கு 90 கேட்டால் அந்த வரிசையில் கிடைப்பது 103.7-தான். ஆகவே உண்மையான பிரச்சினை, பட்டியலிலிருந்து பொறுக்குவது. ஒரு சட்டகத்தின் உறுப்புக்களை 50 தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 30 அளவுகளில் ஒன்றைத் தேர்வதென்றால், சாத்தியமான தேர்வுகளின் எண்ணிக்கை 74 இலக்கங்களாலானது. எல்லாவற்றையும் சோதிக்கப் பிரபஞ்சத்தின் ஆயுளும் போதாது. உயிர்களின் பரிணாமத்தைப் பின்பற்றி நல்லதோடு நல்லதைக் கலந்து தேடும் முறையை ஜான் ஹாலண்டு 1975-இல் நூலாக வெளியிட்ட பிறகு, அதையும் அதன் உறவு முறைகளையும் எஃகுச் சட்டகங்களுக்குப் பிரயோகித்து எழுந்த கட்டுரைகளுக்குக் கணக்கில்லை. அவற்றில் பல, அதே சில மாதிரிச் சட்டகங்களைத் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டு, முந்தையவரைவிட ஒன்றிரண்டு சதவீதம் எடையைக் குறைத்துவிட்டதாகக் களிக்கின்றன. கணிதப் பயிற்சி என்ற வகையில் குறை சொல்வதற்கில்லை; கட்டடத்தின் செலவைக் குறைக்கும் வழி என்ற வகையிலோ அந்த ஒன்றிரண்டு சதவீதத்துக்கு அதிக மதிப்பில்லை.

ஏனெனில் வாங்குவோன் எடைக்கு மட்டும் விலை கொடுப்பதில்லை. மேல்நாட்டுத் தொழிலில், முடிந்து நிற்கும் சட்டகத்தின் செலவில் எஃகின் விலை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. மற்றதெல்லாம் வெட்டுதல், துளையிடுதல், பற்றவைத்தல், வண்ணமிடுதல், ஏற்றிச் செல்லுதல், கிரேனால் தூக்கிப் பொருத்துதல் ஆகியவற்றின் கூலி. கணக்குப்படி மெலிந்த தூணைத் தேர்ந்துவிட்டு, உத்திரம் வந்து சேரும் இடத்தில் அதன் தகடு நசுங்காதிருக்கத் துண்டுத் தகடுகளைப் பற்றவைப்பதைவிட, ஓரளவு கனத்த தூணையே நிறுத்திவிடுவது மலிவு என்பதைப் பட்டறை மேஸ்திரி எவரும் அறிவர். ஒரே அளவுள்ள நூறு உத்திரங்களை வெட்டுவது, நூறு அளவுள்ள நூறு உத்திரங்களை வெட்டுவதைவிட எளிது. களத்தில் மாற்றிப் பொருத்திவிடும் அபாயமும் அதில் இல்லை.

இந்த வழக்கத்தின் விலை எவ்வளவு என்பதைக் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மொய்னிஹனும் ஆல்வுட்டும் 2014-இல் வெளியிட்ட ஆராய்ச்சி காட்டியது. பிரிட்டனில் 23 எஃகுக் கட்டடங்களின் வரைபடங்களை எடுத்து, 10,000-க்கு மேற்பட்ட உத்திரங்களை அவர்கள் சோதித்தபோது, உத்திரங்கள் தம் திறனில் சராசரியாகப் பாதிக்கும் குறைவாகவே பயன்படுத்தப்பட்டிருந்தன. நியமங்கள் ஏற்கெனவே விதித்த பாதுகாப்பு விகிதங்களுக்கு மேற்பட்ட மிகை இது. இதனைச் சோம்பல் என்று கண்டித்தல் நியாயமன்று. எஃகு மலிந்து பொறியாளரின் நேரம் விலையேறிய நாட்டில், அதிகமான எஃகைப் போட்டுக் குறைவான நேரத்தைச் செலவிடுவதே சிக்கனம். எதைக் குறைக்கவேண்டும் என்று கேட்கப்பட்டார்களோ அதைத்தான் பொறியாளர்கள் குறைத்திருக்கிறார்கள்.

இனி, மிகையே இல்லாத சட்டகம் எத்தகையது என்பதையும் பார்க்கவேண்டும். மன்ஹாட்டனில் 1977-இல் முடிவுற்ற 59 மாடி சிட்டிகார்ப் மையம், மனையின் ஒரு மூலையில் தேவாலயம் இருந்த காரணத்தால், மூலைகளில் தூண் இல்லாமல் ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் நிறுத்திய உயர்ந்த கால்களின்மேல் எழுப்பப்பட்டது. அதன் பொறியாளர் வில்லியம் லெமெசூரியர் திறமையில் எவருக்கும் பின்வாங்காதவர். அவருடைய சட்டகம் உண்மையிலேயே இலேசானது. மூலைவிட்ட உறுப்புக்களின் இணைப்புக்களை அவர் பற்றவைக்கும்படி வரைந்திருக்க, செலவைக் குறைப்பதற்காக அவை போல்ட்டுகளால் இணைக்கப்பட்டன. 1978-இல் அவர் மறுகணக்குப் போட்டபோது, பக்கங்களுக்கு நேராக வீசாமல் மூலையை நோக்கிச் சாய்வாக வீசும் காற்று, சில உறுப்புக்களின் விசையை 40 சதவீதமும் இணைப்புக்களின் விசையை 160 சதவீதமும் உயர்த்துவதாகக் கண்டார். இந்த இரண்டு எண்களின் சம்பந்தம் கவனிக்கத் தக்கது. இணைப்பில் எஞ்சும் இழுப்பு, காற்றின் இழுப்பிலிருந்து மேற்பாரத்தின் அழுத்தத்தைக் கழித்து வருவது. உதாரணமாக, இழுப்பு 100, அழுத்தம் 75 என்றால் மிஞ்சுவது 25. இழுப்பு 140 ஆனால் மிஞ்சுவது 65. நாற்பது விழுக்காட்டு ஏற்றம் நூற்றறுபதாகிவிட்டது. இரண்டு பெரிய தொகைகளின் சிறிய வித்தியாசத்தை நம்பிச் செய்யப்படும் சிக்கனம் எப்போதும் இவ்வாறே ஏமாற்றும். இருநூறுக்கும் மேற்பட்ட இணைப்புக்களின்மேல் இரண்டு அங்குலக் கனமுள்ள தகடுகள், அலுவலகங்கள் ஓய்ந்த இரவு வேளைகளில் பற்றவைக்கப்பட்டன. பொதுமக்கள் அதனை அறிந்தது 1995-இல்தான்.

இன்று குறைக்கவேண்டிய பொருளே மாறிக்கொண்டிருக்கிறது. ஒரு டன் எஃகை உற்பத்தி செய்ய உலகச் சராசரியாக இரண்டு டன்னுக்குச் சற்றே குறைவான கரியமில வாயு வெளிப்படுவதால், பணத்தில் மூன்றில் ஒரு பங்காக இருந்த எஃகு, வாயுவின் கணக்கில் ஏறக்குறைய முழுப் பங்காகிவிடுகிறது; வெட்டுவதும் பற்றவைப்பதும் அந்தக் கணக்கில் அற்பம். அப்படியாயின் பட்டறைக்காகப் போட்ட மிகையெல்லாம் குற்றமாகும். ஆளுக்கோர் அளவு உத்திரம் என்ற கணினியின் பிடிவாதம் நியாயமாகும். ஆனால் இங்கும் எடையே முடிவான தீர்ப்பன்று. லண்டன் புறநகரில் 2002-இல் நிறைவுற்ற பெட்செட் குடியிருப்பில், சட்டகத்துக்கான எஃகில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு, அருகிலிருந்து பெற்ற பழைய எஃகாக அமைந்தது. பழைய உத்திரத்தைத் தேடிப் பிடிப்பவருக்குக் கணக்கு கேட்கும் அளவு அப்படியே கிடைப்பதில்லை. தேவைக்குச் சற்றுக் கனத்ததையே எடுத்துக்கொள்ள நேரும். அவ்விதம் அமையும் சட்டகம் எந்தக் கணினியின் குறைந்தபட்ச எடையையும் விடக் கனமானதாயிருக்கலாம். உலையில் உருக்காத எஃகாதலால் வாயுவின் கணக்கில் அதுவே மிக இலேசானது.